சட்டைப்பையா, டைரியா, போனா?

சட்டை வாஷிங் மெஷினுக்குள் சுழன்றுகொண்டிருந்தது. அதன் இடது பையில் லிஃப்ட் மெக்கானிக்கின் அந்த வாரம் முழுவதும் இருந்தது.

செய்ய வேண்டிய வேலைகளைத் துண்டுச்சீட்டில் எழுதி இடது பையில் போடுவார். வேலை முடிந்ததும் சீட்டு பேன்ட் பைக்கு இடம் மாறும். பதினெட்டு வருஷமாக அவருடைய நிர்வாகம் இதுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அது கூழாகிச் சட்டை முழுக்க அப்பிக்கொண்டு வெளியே வந்தது.

"பையைப் பாத்துட்டுப் போடக் கூடாதா?"

"பையைச் சோதிக்க நான் என்ன போலீஸா?" என்றாள் மனைவி. "அது கிடக்கட்டும். இந்தாங்க கவர். இதை எதுல எழுதி வைக்கப் போறீங்க?"

அது அவளுடைய விண்ணப்பம். தலைமையாசிரியை பதவி, பத்து வருஷம் காத்திருந்து வந்த வாய்ப்பு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தபாலில் சேர்த்தாக வேண்டும். தபாலாபீஸ் என் வழியில்தான் இருக்கிறது, நானே சேர்க்கிறேன் என்று அடம்பிடித்தவர் அவர்தான்.

இனி சட்டைப்பையை நம்ப முடியாது. முறையை மாற்றிவிட வேண்டியதுதான். எதற்கு மாறுவது என்பதில்தான் வினை வந்தது.

"டைரி வாங்குங்க மாமா" என்றான் மச்சினன். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். டைரியில் எழுதாமல் பல்கூடத் துலக்க மாட்டான்.

"டைரியா? எந்தக் காலத்துல இருக்கீங்க அண்ணே?" என்றான் கூட வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன். போனை வாங்கி ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்தான். "இதுல போட்டுட்டு மறந்துடுங்க. அதுவே கூப்பிடும். நானும் இதுல இருக்கேன், புது வேலை வந்தா உங்களுக்குப் போட்டு விடறேன்."

இரண்டு பேர் மனமும் நோகாமல், இரண்டையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது, ஜெயிப்பதை வைத்துக்கொள்வது என்று மெக்கானிக் தீர்மானித்தார்.

புதன்கிழமை, டைரியில் எழுதியதை எல்லாம் போனில் ஏற்றினார். போனில் புதிதாக ஏற்றியதை டைரியில் எழுதினார். அரை நாள் போயிற்று. விரல் வலித்ததும் ஒரு சுருக்குவழி தோன்றியது. டைரியில் 'கவர்: போனைப் பார்க்கவும்' என்று எழுதினார். போனில் 'கவர்: டைரியைப் பார்க்கவும்' என்று போட்டார்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் போன் கூப்பிட்டது. டைரியைப் பார்த்தார். டைரி போனைப் பார்க்கச் சொன்னது. போன் மறுபடி டைரிக்கு அனுப்பியது. மதியம்வரை இப்படியே அலைந்ததில் நிறைய வேலை செய்துவிட்ட களைப்பு வந்துவிட்டது.

"தம்பி, இது வாயை மூடவே மாட்டேங்குது."

"டிக் போட்டா மூடிக்கும் அண்ணே" என்று எலெக்ட்ரீஷியன் ஒரு தட்டு தட்டினான். 'முடிந்தது, சபாஷ்' என்றது போன்.

அன்று மாலை மனைவி கேட்டாள். "கவர் போட்டாச்சா?"

அவர் போனைப் பார்த்தார். "போட்டாச்சு. போனே சபாஷ் போட்டிருக்கு பாரு."

அவள் விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். போன் ஜெயித்துவிட்டது என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை நாலேகால் மணிக்கு, எட்டாவது மாடியில், ஸ்பேனர் எடுக்க டூல்ஸ் பெட்டியைத் திறந்தார். ஸ்பேனருக்கு அடியில், செவ்வாய்க்கிழமை அவர் போட்டு வைத்தபடியே கவர் கிடந்தது.

கவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த லிஃப்டுக்குள் பாய்ந்தார். அவரே பாதி சரிசெய்து வைத்திருந்த லிஃப்ட் அது. நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது.

அபாய மணியை அழுத்தினார். அடுத்த நிமிஷம் அவருடைய போன் அடித்தது.

"அண்ணே, எங்க இருக்கீங்க?" என்றான் எலெக்ட்ரீஷியன். "லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்களாம். உடனே வாங்க."

"நான்தான்டா மாட்டிக்கிட்டிருக்கேன்."

"அப்படியா? சரி, ஆப்புல போட்டுடறேன்."

போன் இன்னொரு முறை கூவியது. 'புதிய வேலை: லிஃப்டில் மாட்டியவரை உடனே வெளியே எடுக்கவும். பொறுப்பு: நீங்கள்.'

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தினமும் கண் சிவக்கச் சிவக்கப் பிள்ளைகளின் தாளைத் திருத்துகிறவள். தனக்கென்று அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதையும் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. டைரியும் வேண்டாம், போனும் வேண்டாம், இந்தக் கவர் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும் என்று வாய்விட்டே சொன்னார்.

எலெக்ட்ரீஷியன் மேலே ஏறி, மோட்டாரைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கியபோது மணி நாலு ஐம்பது. மெக்கானிக் ஓடினார். ஒரு செருப்பு சாலையைக் கடக்கும்போது கழன்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

தபாலாபீசில் கவுன்டரை மூட எழுந்துவிட்டிருந்தார் அலுவலர் அம்மா.

"அம்மா, ரெண்டு நிமிஷம் இருக்கு. இது என் வீட்டுக்காரியோட பத்து வருஷம். தயவுசெஞ்சு இன்னைக்கே அனுப்பிடுங்க."

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அனுப்புநர் முகவரியைப் படித்தார். மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார். வெறுங்காலையும் பார்த்தார். முத்திரைக் கட்டையை எடுத்து மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

"முதல்ல உக்காருங்க சார். டீச்சர் நிஜக் கவரைத் திங்கக்கிழமையே அனுப்பிட்டாங்க. உங்க கையில வெள்ளைத்தாள் போட்டு ஒண்ணு குடுத்துட்டா, நிஜக் கவர் பக்கமே வரமாட்டீங்கன்னு சொன்னாங்க."