வெளிநாடு போகுமுன் ஜன்னலில் பொம்மை வைக்காதே

அடக்கம் இல்லாவிட்டாலும் அழகுக்குக் குறைவில்லாத என் தங்கச்சி சுண்டெலிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும், இரண்டு பேரும் சௌக்கியம். இரண்டே பேர்தானா என்பதில்தான் கொஞ்சம் சந்தேகம், அதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் அவருடைய தொப்பையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் நீங்கள் இருவரும் இருபது மணிநேரம் விமானத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றப் போவதாகவும், போய்வந்தவள் என்ற முறையில் நான் யோசனை சொல்லவேண்டும் என்றும் எழுதியிருந்தாய். பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்து ஊரையே வரிசையில் உட்காரவைக்கிறவள் நீ. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன தையல்காரியிடம் யோசனை கேட்கிறாய் என்றால் பயம் நிஜமாகவே வந்துவிட்டது என்று தெரிகிறது. பயப்படு, தப்பில்லை. ஆனால் நீ பயப்படுகிற விமானம் ஒன்றுமே செய்யாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறாய் பார், அதுதான் சங்கதி.

முதலில் சின்ன விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை மருந்தெல்லாம் கைப்பையில்தான் இருக்கவேண்டும். உன் மாமா தன் பிரஷர் மாத்திரையைப் பெரிய பெட்டிக்குள், அதுவும் ஒரு ஜட்டிக்குள் சுருட்டி, பத்திரமாக வைத்தார். பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது. காலுக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது என்று தெரிந்ததும் மனுஷனுக்கு இல்லாத பிரஷரும் ஏறிவிட்டது. அந்த ஆத்திரத்தில் விளக்கை அணைக்கிறேன் என்று பணிப்பெண்ணைக் கூப்பிடுகிற பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தார். ஆறாவது தடவை அந்தப் பெண் வந்து என்னதான் வேண்டும் என்று கேட்டதற்கு, இருட்டு வேண்டும் என்றார். செருப்பு ஒரு அளவு பெரிதாகப் போட்டுக்கொள்; உட்கார்ந்தே போவதில் கால் வீங்கிவிடும். உன் மாமா ஷூவைக் கழற்றினார், பிறகு அது அவரைத் தெரியாத மாதிரி நடந்துகொண்டது. அந்நிய தேசத்து அதிகாரி முன்னால் காலுறையோடு நின்று முத்திரை வாங்கிய முதல் ஆள் நம் குடும்பத்தில் அவர்தான். பெட்டிக் கைப்பிடியில் பளிச்சென்று ஒரு வெட்டுத்துணி கட்டு, இல்லாவிட்டால் எல்லாப் பெட்டியும் உன் பெட்டி மாதிரியே வரும். பாஸ்போர்ட்டை நகல் எடுத்து ஆளுக்கொன்று தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். உன் வீட்டுக்காரரிடம் அசலைக் கொடுக்காதே, அவர் அதை எதற்காவது முட்டுக்கொடுப்பார்.

இப்போது பெரிய விஷயம். நாள் கணக்கு. போகும்போது கிளம்பிய தேதியிலேயே போய் இறங்கினோம். ஒரு நாள் இனாமாகக் கிடைத்தது என்று நான் குதித்தேன். திரும்பும்போது அதைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஏறுகிறோம், ஞாயிறு மத்தியானம் வீடு, உட்கார்ந்து தைத்தால் திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சட்டையைக் கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. மொத்தம் அறுபது சட்டை. நாற்பத்தெட்டைத் தைத்து, உன் மாமா காஜா எடுத்துப் பட்டன் வைத்து, மடித்துக் கட்டியாயிற்று. மிச்சம் பன்னிரண்டை வெட்டி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பெரிய டீச்சரைத்தான் உனக்குத் தெரியுமே. பதினொரு வருஷமாக என்னிடம் கொடுக்கிறார். ஒரே ஒரு தடவை தாமதமானால் பெரிய தெருக் கடைக்குப் போய்விடுவேன் என்று பதினொரு வருஷமாகச் சொல்கிறார். அந்தச் சட்டைதான் எங்கள் வீட்டில் பாதி வருஷத்துச் சாப்பாடு.

சரி, பொம்மைக்கு வருகிறேன். நீண்ட நாள் வெளியூர் போகிறவர்கள் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி காட்டவேண்டும், திருடன் வரமாட்டான் என்று யாரோ உன் மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் விளக்கை எரியவிட்டுப் போவார்கள். தையல்காரி வீட்டில்தான் ஆளே இருக்கிறதே. அளவுக்கு நிறுத்திவைக்கிற பொம்மை இரண்டையும் உருட்டிக்கொண்டு வந்தேன். ஒன்றுக்கு உன் மாமாவின் கட்டம்போட்ட சட்டையை மாட்டி நாற்காலி ஓரமாக வைத்து, முன்னால் செய்தித்தாளைச் செருகினேன். இன்னொன்றுக்கு என் பூப்போட்ட கவுன். கை இல்லாத பொம்மைதானே, சட்டைக் கைக்குள் வெட்டுத்துணியைத் திணித்தேன். தலைக்குப் பால் பாத்திரத்தைக் கவிழ்த்து, கறுப்பு நூல்கண்டில் கொண்டை போட்டேன். தெருப்பக்க ஜன்னலில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், அச்சு அசல் நான்தான். உன்னைவிட நிறம் கூட. "நல்லா இருக்கு, பேசாம இருக்கு" என்றார் உன் மாமா.

அங்கே போன மூன்றாவது நாள் எனக்குத் தோள்பட்டை வலி ஆரம்பித்தது. ஏரியைப் பார்க்கப் போனவளுக்கு எதற்கு, நாள் முழுக்க மெஷின் மிதித்த வலி? மெத்தை சரியில்லை என்றார் உன் மாமா. நாலாவது நாள் காலையில் பல் விளக்கும்போது பார்க்கிறேன், ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்தின புள்ளி. ஐந்தாவது நாள் இரண்டு புள்ளி. ஊசி நூலை நான் ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். நான் போட்டிருந்த மாற்றுக் கவுனின் மடியைத் தட்டினால் தரையில் நீலச் சாக்பீஸ் பொடி விழுகிறது, நான் துணியில் கோடு போடுவேனே, அந்த நீலம். உன் மாமாவின் விரலைப் பிடித்துப் பார்த்தேன். பூ மாதிரி இருந்தது. அவர் எங்கேயும் வேலை செய்யவில்லை.

திரும்பி வந்து விமான நிலையத்தில் இறங்கினால் பலகையில் திங்கட்கிழமை என்று போட்டிருக்கிறது. பெட்டி தள்ளுகிறவரிடம் பலகை கெட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மத்தியானம் ஒரு மணி. ஒன்பது மணி போய் நாலு மணிநேரம் ஆகிவிட்டது. பதினொரு வருஷத்தைக் கடலுக்கு மேலே எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று வழி முழுக்க வண்டியில் அழுதேன். உன் மாமாவும் சேர்ந்து அழுதார், அவருக்குக் கால் வலி.

வீட்டு வாசலில் இறங்கினால் எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் இஸ்திரிப்பெட்டியை அழுத்திப் பிடித்தபடியே எங்களையே பார்க்கிறார். சட்டை ஒன்று அடியில் கருகிக்கொண்டிருக்கிறது, அவர் பார்க்கவில்லை.

"என்னக்கா, பெட்டியோட வர்றீங்க? இப்பத்தானே உள்ள போனீங்க?"

நான் என் வழக்கப்படி, வெயிலில் உனக்கு மூளை வெந்துவிட்டது என்றேன். அவர் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு நாளும் நான் ஜன்னலில் இருந்தேனாம். சாயங்காலமானால் கை காட்டுவேனாம். வாயைத் திறக்கவே இல்லையாம். உடம்புக்கு ஏதோ என்று நினைத்து அவர் மனைவி வந்து கதவைத் தட்ட, நான் உள்ளே இருந்து மெஷினை நிறுத்தினேனாம், கதவைத் திறக்கவில்லையாம். காலையில் எட்டரைக்கு மூட்டையோடு பள்ளிக்கூடம் பக்கம் போனேனாம், ஒன்பதரைக்குத் திரும்பினேனாம், சற்றுமுன்கூட வாசலில் நின்றுவிட்டு உள்ளே போனேனாம். மாமாவைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாராம், இருபத்திரண்டு நாளும் அசையாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். அதில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பூட்டு, போட்டபடியே இருந்தது. திறந்தேன். உள்ளே ஆள் நடமாடுகிற வீட்டு வாசனை. மூடிக்கிடந்த வீட்டு வாசனை தெரியுமில்லையா உனக்கு, அது இல்லை. பொம்மை நான் நிறுத்திய இடத்திலேயே, தெருவைப் பார்த்தபடியே நின்றது. ஆனால் தரைத் தூசியில் அதன் மூன்று சக்கரத்தின் தடம் ஜன்னலிலிருந்து மெஷினுக்கும், மெஷினிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து வாசல் கதவுக்கும் போய்ப் போய், நடுவில் தூசியே இல்லாமல் பாதை விழுந்திருந்தது. மேசைமேல் ஒன்றும் இல்லை. வெட்டிவைத்த பன்னிரண்டும் இல்லை, மடித்துக் கட்டிய நாற்பத்தெட்டும் இல்லை. மெஷினின் தலையில் கை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. உன் மாமா பின்னாலிருந்து பாத்ரூம் போகலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார், முப்பது வருஷத்தில் முதல் தடவை.

குளிக்காமல்கூடப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பெரிய டீச்சர் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். இதுவும் முதல் தடவை. அறுபது சட்டையும் ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டதாம். வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனேனாம். பட்டன் சரிபார்க்க வந்தேன் என்று பொய் சொல்லி மூட்டையைப் பிரித்தேன். தைக்காமல் விட்டுப்போன பன்னிரண்டும் தனியாகத் தெரிந்தன. காலர் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே அளவு. காஜா எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. உன் மாமா எடுக்கிற காஜா எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், எலி கடித்த மாதிரி இருக்கும். வேறு யாரோ தைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் உள்பக்கம் திருப்பினேன். நான் நூலைக் கத்திரியில் வெட்டமாட்டேன், பல்லால் கடிப்பேன்; நுனி நசுங்கிக் கொஞ்சம் பிசிறாக நிற்கும். பன்னிரண்டு சட்டையிலும் நுனி நசுங்கியிருந்தது.

"இந்தப் பன்னெண்டு மாதிரி இதுவரைக்கும் நீங்க தைச்சதே இல்லையே" என்றார் டீச்சர். "இவ்வளவு கை இருக்கறப்ப எதுக்கும்மா பதினோரு வருஷமா எங்களை ஏமாத்தினீங்க?"

என் வாய் அடைத்து நீ பார்த்திருக்கிறாயா? அன்றைக்குப் பார்த்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பொம்மையின் தலையிலிருந்து பால் பாத்திரத்தைக் கழற்றினேன். பாத்திரத்துக்கு ஏது கண், ஏது மூக்கு? வழுவழுவென்று என் முகம்தான் அதில் கோணலாகத் தெரிந்தது. ஆனால் வாய் இருக்கவேண்டிய இடத்தில் நாலைந்து வெள்ளை நூல் துணுக்கு ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்த்துக் கழுவி அடுப்பங்கரையில் வைத்தேன். அதில் இன்னும் பால் காய்ச்சவில்லை. உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, இது யார், எங்கேயிருந்து வந்தது, நான் வந்ததும் எங்கே போனது என்று கேட்டேன். அவர் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு நிதானமாக யோசித்தார்.

"தைச்சிருக்கில்ல? குடுத்தாச்சில்ல? அப்புறம் என்ன உனக்கு?"

ஆனால் சுண்டெலி, உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அது ஒன்றும் திருடவில்லை, கெடுதல் செய்யவில்லை. நான் விட்டுப்போன வேலையைச் செய்தது, என்னைவிட நன்றாகச் செய்தது, என்னைவிடக் குறைவாகப் பேசியது. தெருவில் எல்லாரும், மூணு வாரம் நல்ல மாதிரி இருந்தியே, இப்ப என்ன ஆச்சு என்கிற மாதிரி என்னைப் பார்க்கிறார்கள். இஸ்திரிக்காரர் வாய்விட்டே சொன்னார். என் வீட்டில் என் இடத்தில் உட்கார்ந்து எழுந்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவளைத் தெருவுக்கே பிடித்திருக்கிறது. நான் திரும்பி வந்தது யாருக்கு லாபம் என்று யோசிக்கிறேன். மெஷினில் உட்காரும்போது நாற்காலியை முதலில் தொட்டுப் பார்க்கிறேன், சூடாக இருக்கிறதா என்று.

அதனால் அக்கா சொல்வதைக் கேள். ஜன்னலில் எந்த உருவத்தையும் வைக்காதே, கோட்டு மாட்டுகிற கொக்கிகூட வேண்டாம். திருடன் வந்தால் வரட்டும், எடுத்துக்கொண்டு போய்விடுவான், போகிறவன் நல்லவன். அரைகுறையாக எந்த வேலையையும் விட்டுப் போகாதே. பல் ஆஸ்பத்திரியில் எழுதாத சீட்டு ஒன்றுகூட உன் மேசையில் கிடக்கக்கூடாது. முடிந்தால் போகவே போகாதே. உன் வீட்டுக்காரரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் வானத்தைக் காட்டு, அதுவும் வெளிநாட்டுக்கு மேலே இருக்கிற அதே வானம்தான். நான் இரண்டு பொம்மையையும் துணி சுற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி (முகம் எங்கே இருக்கிறது, ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன்), சாமான் அறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். இனி இந்த ஜென்மத்தில் பக்கத்துத் தெருவைத் தாண்டமாட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை மட்டும் குறையாமல், போன இடத்திலிருந்து முழுசாக, போனவர்களாகவே திரும்பிவந்து பல்லாண்டு இருக்கவேண்டும். உன் மாமா உங்களை விசாரிக்கச் சொன்னார். கால் வீக்கம் வடிந்துவிட்டது.

உன் பிரியமுள்ள அக்கா
(நானேதான்)

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது பெரிய டீச்சர் வந்தார். அடுத்த மாதக் கடைசிக்குள் இருநூறு சட்டை வேண்டுமாம், எல்லாம் அந்தப் பன்னிரண்டு மாதிரியே இருக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் பெரிய தெருக் கடைதானாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்று தைத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தார். ஆகையால் மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. நானும் உன் மாமாவும் உங்களோடு வருகிறோம், அதே விமானம், உங்களுக்குப் பின் வரிசை. இருநூறையும் வெட்டி மேசையில் அடுக்கிவிட்டேன், பொம்மையைச் சாமான் அறையிலிருந்து எடுத்துக் கவுனையும் மாட்டியாயிற்று. இந்தத் தடவை முப்பது நாள். நடுவில் வீட்டு ஞாபகம் வருகிறது, சீக்கிரம் திரும்பலாம் என்று மட்டும் யாரும் கண்ணைக் கசக்காதீர்கள். அவள் முடிக்காமல் நான் உள்ளே போனால் நன்றாக இருக்காது.