துளைத்தகடு வென்ற படலம்

லூபோக் சீனாவுக்கு அப்பால், முள்வேலி சூழ்ந்த ரப்பர்வனத்தின் நடுவே, வெண்கால்சட்டை வேந்தராய், கூட்டல் கழித்தல் குலதிலகமாய், யாழ்ப்பாணம் ஈன்ற கணக்குச் சிங்கமாய், ஆபீசு நாற்காலியே அரியணையாய் வீற்றிருந்த தோட்டத்து எழுத்தர் நவரட்ணக் கிராணியாரின் வெற்றியைப் பாடப் புகுந்தேன். கலைமகளே, என் நாவில் வந்தமர்க; அவசரகாலமாதலால் அடையாள அட்டையை மறவாமல் கொண்டு வருக.

காட்டுக்குள் ஒளிந்து சர்க்காரோடு போரிடுவோருக்கு ஒரு பிடி அரிசியும் போய்விடக் கூடாதென்று சர்க்கார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்துக் குடும்பங்களுக்கு அன்றைய அரிசியை அன்றே அளக்க வேண்டும். கூடினால் அளந்தவன் கைக்கு விலங்கு, குறைந்தால் அடுப்புக்குப் பட்டினி. இதுவரை அளந்துவந்த ஸ்டோர்க்காரன் சின்னத்தம்பி, கடைவாய்ப் பல்லின் கொடுங்கோன்மை பொறாமல் பல் பிடுங்க ரெம்பியாவுக்கு லாரியேறிவிட்டான். சாவி கிராணியார் கையில் விழுந்தது. பொழுது சாய்ந்தால் வாயிற்கதவு அடைபடும், யாரும் லயத்து வீடுகளை விட்டு வெளியே வர முடியாது.

வந்தனர் மாதர், நீட்டினர் தகடு. ஒவ்வொரு வீட்டுக்கும் சின்னத்தம்பி கொடுத்திருந்த தகரத் தகடு அது. வரிசையாக நான்கு கட்டம், சிலவற்றில் ஆணியால் குத்திய துளை, சிலவற்றில் வெறுமை, ஒரு மூலை மட்டும் கத்தரித்தது. எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. அந்த வீட்டுக்கு எவ்வளவு அரிசி என்பது அந்தத் துளைகளுக்குள் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்த ஒரே வாய் ரெம்பியாவில் வீங்கிக் கிடந்தது. அவர்களையே கேட்டால் ஆகாதா என்பீர். கேட்டாரே! அரிசி என்று வந்தால் அரிச்சந்திரன் வம்சமும் அரைப்படி கூட்டித்தான் சொல்லும்.

வெகுண்டெழுந்த வீரர் முதற்போரில் துளைகளை எண்ணினார். எண்ணி, "துளை ஒன்றுக்கு உழக்கு ஒன்று" என்று திக்கெட்டும் முழங்கப் பிரகடனம் செய்தார். புதுமாப்பிள்ளை கந்தசாமியின் வீட்டுத் தகட்டில் இரண்டு துளை. எட்டு வாய்க்கு உலை வைக்கும் இருசம்மாளின் தகட்டில் ஒரே துளை.

"நல்லாருக்குலா உங்க படிப்பு," என்றாள் இருசம்மாள். "ரெண்டு பேருக்கு ரெண்டு உழக்கு, எட்டுப் பேருக்கு ஒரு உழக்கா, கிராணியாரே?"

சிங்கம் பின்வாங்கியது. பின்வாங்கிய சிங்கத்தின் தலையில் சுவரில் தொங்கிய அளவை ஒன்று இடித்தது. அண்ணாந்து பார்த்தார். ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று நான்கு ஆணியில் நான்கு அளவைகள். ஒவ்வொன்றும் முன்னதைப்போல் இரு மடங்கு. தகட்டிலும் நான்கு கட்டம், கட்டத்துக்கு ஓர் அளவை! துளையிருந்தால் அந்த அளவையால் ஒரு முறை அள, இல்லாவிட்டால் விடு. எத்தனை துளை என்பதில் ஒன்றுமில்லை, எந்தக் கட்டத்தில் துளை என்பதில்தான் எல்லாம். ஆகா, ஞானம் சில நேரம் இப்படித்தான் மண்டையில் அடித்துப் புகுகிறது.

ஆயினும் போர் முடியவில்லை. கத்தரித்த மூலை படியின் பக்கமா, ஆழாக்கின் பக்கமா? படியென்று கொண்டால் இருசம்மாளின் துளை கடைசிக் கட்டத்தில் நின்று வெறும் ஆழாக்காகிறது. ஆழாக்கென்று கொண்டால் அதே துளை முழுப்படி.

அவ்வேளையில் வரிசையிலிருந்து தன் வீட்டுத் தகட்டை நீட்டினாள் கிராணியாரின் இல்லக்கிழத்தி மனோரஞ்சிதம். கத்தரித்த மூலையிலிருந்து எண்ணினால் முதற்கட்டத்தில் ஒரு துளை, மூன்றாம் கட்டத்தில் ஒரு துளை. கத்தரித்த மூலை படியென்றால் படியும் உழக்கும். ஆழாக்கென்றால் ஆழாக்கும் உரியும், அதாவது சரிபாதி. தம் வீட்டுக்கு எவ்வளவு அரிசி வருகிறதென்று, பதினாறாம் வாய்பாட்டைத் தலைகீழாய்ச் சொல்லும் அந்தப் பெருமானுக்குத் தெரியாது. சோறு தட்டிலேயே விளைவதென்று இதுகாறும் எண்ணியிருந்தார், பாவம்.

"மலாக்காவிலயிருந்து அம்மா வந்திருக்கிறா," என்றாள் மனோரஞ்சிதம் மெதுவாக. "பாத்து வாசியுங்கோ."

மாமியார் சின்னாச்சியின் பசியோ மருமகன்மார் அறிந்த ஒன்று. ஒரு பக்கம் அவர்; மறுபக்கம் பானையை நீட்டியபடி நின்ற இருசம்மாள். மூலையை எந்தப் பக்கம் வாசித்தாலும் இன்று கேட்பாரில்லை. ஆனால் எட்டு வாய்க்கு ஓர் ஆழாக்கைச் சின்னத்தம்பி ஒருபோதும் அளந்திருக்க மாட்டான். அது கிராணியாருக்குத் தெரியும், தெரிந்ததுதான் வேதனை. வியர்த்தார், விம்மினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கத்தரித்த மூலை ஆழாக்கு," என்று அண்டம் அதிரச் சாற்றினார்.

இருசம்மாளின் பானையில் முழுப்படி விழுந்தது. மனோரஞ்சிதத்தின் பையில் ஆழாக்கும் உரியும் விழுந்தன. அவள் பையை முடிந்துகொண்டு, "ஓம், அவ்வளவுதான் சின்னத்தம்பி எப்பவும் தாறவர்," என்றாள்.

இவ்வாறு, எண்ணில்லாத் தகட்டில் எண் கண்டு, எழுத்தில்லாத் துளைக்குப் பொருள் கண்டு, விலங்கும் பட்டினியும் ஒருசேர விலக்கி, அந்தி மணி அடிக்குமுன் கடைசிப் பானையையும் அளந்து முடித்த அந்தத் துளையறி வித்தகரை, தகரம்பிளந்த தனிப்பெருந் தலைவரை, பானைகள் குலவையிட, முள்வேலியும் முகமலர, வாழ்த்தி வழியனுப்பினர் லயத்து மாதர்.

அன்று ராத்திரி மாமியார் சோறு சாப்பிட்டார், கிராணியார் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டார்.