அறுபத்து நாலு என்று ஒட்டியிருந்தது

கட்கி, புனே – 3
16.6.2002

அன்புள்ள மைத்துனர் ஸ்ரீநிவாசன் அவர்களுக்கு,

பாலச்சந்திரன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா வேதநாயகியும் நலம். வியாழக்கிழமை முதல் பேசிக்கொள்வதில்லை, மற்றபடி நலம். அங்கு நீங்களும் தங்கச்சி பவுனும் நலமாகவும் பேசிக்கொண்டும் இருக்க முருகனை வேண்டுகிறேன்.

மகள் கல்லூரியில் சேர்ந்திருப்பதால் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். காரணம் கீழே.

வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் நான் சோதனைப் பிரிவில் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சோதிக்க ஒன்றுமில்லை. உங்கள் அக்காவோ இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்து கொடுக்க ஆரம்பித்து, தபோடி முதல் பிம்ப்ரி வரை பேர் எடுத்துவிட்டாள். தெருவில் என்னைப் பார்ப்பவர்கள் "பத்திரிகை அம்மா வீட்டுக்காரர்தானே" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, எதற்காகக் கேட்டார்கள் என்று யோசித்தபடியே வீட்டுக்கு வருவேன். அப்படி இருக்கும்போது, கேம்ப் பகுதியில் அவள் அச்சடிக்கக் கொடுக்கிற அச்சகத்துக்காரர் புது விண்டோஸ் எக்ஸ்பிக்கு மாறிவிட்டார். இவள் கொண்டுபோகும் "நிகழும் மங்களகரமான" அங்கே வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். நாமும் மாற வேண்டும் என்று பெட்டியோடு சிடி வாங்கி வந்துவிட்டாள். பெட்டியை நான் ஆறு பக்கமும் படித்தேன். குறைந்தபட்ச நினைவகம் அறுபத்து நாலு எம்பி, பரிந்துரைப்பது நூற்று இருபத்தெட்டு என்று போட்டிருந்தது. நம் கம்ப்யூட்டரில் இருந்ததோ முப்பத்திரண்டு. எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. அறுபத்து நாலு போதும் என்றால் எதற்கு நூற்று இருபத்தெட்டைப் பரிந்துரைக்க வேண்டும்? நூற்று இருபத்தெட்டு வேண்டும் என்றால் அறுபத்து நாலு போதும் என்று ஏன் எழுத வேண்டும்? குறைந்தபட்ச அளவில் தேறிய ஃப்யூஸ் வெடித்தே ஆக வேண்டும், மச்சான். பாதி வெடிக்கும், மெதுவாக வெடிக்கும் என்று எங்கள் தொழிற்சாலையில் எவனாவது எழுதியிருந்தால் அவன் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

நினைவகத்தைக் கூட்டி, புது விண்டோஸ் ஏற்றிக் கொடுக்கக் கட்கி பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜமீலா என்ற பெண்ணை உங்கள் அக்கா பிடித்தாள். வாணியம்பாடிக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தது, தமிழும் உருதும் மராத்தியும் ஒரே வாக்கியத்தில் வரும். அவர்கள் இருவரும் பேசும்போது நான் உள்ளே போனால் மராத்திக்கு மாறுகிறார்கள். எனக்கும் மராத்தி தெரியும் என்பது இருவருக்கும் தெரியும். அப்படியும் ஏன் மாறுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. கடைக்கு எடுத்துப் போனால் உள்ளே இருப்பதை மாற்றிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், முந்தின நாளே கம்ப்யூட்டர் பெட்டியின் ஒவ்வொரு திருகின் மேலும் அரக்கு வைத்து, அதன்மேல் என் மோதிரத்தால் முத்திரை குத்தினேன். ரிக்‌ஷாவில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். ஜமீலா அரக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்ட ஆரம்பித்தாள். கேட்காததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. அறுபத்து நாலில் நினைவகத் துண்டு இரண்டு போடலாம் என்றாள். ஒன்று போதும், சிடி பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன்.

"அங்கிள், மினிமம்னா மெஷின் மூச்சு விடும், அவ்ளோதான். ஓடச் சொன்னா ஓடாது."

விற்பவள் அப்படித்தானே சொல்வாள்? ஒன்றே போடச் சொன்னேன். விரல் நீளப் பச்சைத் தகடு, அதன்மேல் 64 என்று ஒட்டியிருந்தது. அது உள்ளே போவதையும், மூடுவதையும், திரும்ப உயிர் வந்ததும் கறுப்புத் திரையில் எண்கள் கிடுகிடுவென்று ஏறி நின்றதையும் பக்கத்தில் நின்று பார்த்து, நின்ற எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டேன். ஜமீலா அப்போது ஃபோனில் இருந்தாள். புது விண்டோஸும் ஏறியது. குறைந்தபட்சம் போதும் என்பது நிரூபணமாகிவிட்டது என்று உங்கள் அக்காவிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் அது நகரவில்லை, மச்சான். அவள் "திருநிறைச்செல்வி" என்று அடித்துவிட்டுப் போய்க் குழம்பு தாளித்துவிட்டு வந்தாள், திரையில் "திரு" தான் வந்திருந்தது. வியாழக்கிழமைக்குள் பத்திரிகையை முடிக்க வேண்டியது, முடியவில்லை. பெண் வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் கையால் எழுதி வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் போனதும் நான், இது ஜமீலா வேண்டுமென்றே செய்தது, இரண்டாவது துண்டை விற்க, இதில் உனக்கும் தெரிந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"இருபத்தெட்டு வருஷம் குண்டைச் சந்தேகப்பட்டீங்க, சரி. நான் என்னங்க பண்ணேன்?" என்றாள். அதற்கப்புறம் பேச்சு இல்லை. தட்டு வருகிறது, சாப்பாடு வருகிறது, ஆள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

நேற்று தனியாக உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். பழைய முப்பத்திரண்டு மட்டும் இருந்தபோது திரையில் நின்ற எண் 32768. அதோடு அறுபத்து நாலு சேர்ந்தால் மொத்தம் மூன்று மடங்கு ஆக வேண்டும். கடையில் நான் குறித்த எண் 65536. இரண்டு மடங்குதான், மச்சான். மூன்று முறை வகுத்துப் பார்த்தேன். 64 என்று ஒட்டியிருந்த துண்டுக்குள் இருப்பது இன்னொரு முப்பத்திரண்டு. ஆக நான் சந்தேகப்பட்டது சரி. நாளை காலை கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் நோட்டை விரித்து வைத்துக் கேட்கப் போகிறேன். உங்கள் அக்காவிடமும் அப்புறம் காட்டுவேன். எனவே கம்ப்யூட்டர் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். எடுத்தாலும் பெண்கள் நடத்தும் கடைக்குப் போக வேண்டாம், ஆண்கள் நடத்தும் கடைக்கும் போக வேண்டாம்.

பவுனுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். குழந்தை நன்றாகப் படித்து, ஒருவரிடமும் ஏமாறாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்,
பாலச்சந்திரன்

பி.கு. (19.6.2002): தபால்தலை இல்லாததால் கடிதம் போகவில்லை, நல்லதாயிற்று. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். திங்களன்று நோட்டை விரித்தபோது ஜமீலா சண்டைக்கு வரவில்லை. ஒரு தடவை படித்தாள், அலமாரியிலிருந்த பதினைந்து துண்டுகளையும் எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். ஒன்பதில் முப்பத்திரண்டுதான் இருந்தது. மும்பையிலிருந்து சரக்கு அனுப்பியவன் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியிருக்கிறான். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இதை ஆறு வீட்டுல போட்டிருக்கேன் அங்கிள். எல்லாரும் என்னை நம்பி வந்தவங்க" என்றாள். நான் நோட்டை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவிடம், தப்பு என்னுடையது என்று சொன்னேன். எந்தத் தப்பு என்று கேட்டாள். எல்லாம் என்றேன். பட்டியல் போட்டுச் சொல்லச் சொன்னாள். சொன்னேன், அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. இப்போது பேச்சு இருக்கிறது. நம் கம்ப்யூட்டரில் இப்போது நல்ல துண்டு இரண்டு போட்டிருக்கிறது, பத்திரிகை பறக்கிறது. இனி கடைக்கு வரும் சரக்கை நான்தான் சோதிக்கிறேன், என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது. கம்ப்யூட்டரை இங்கேயே வாங்கி, நானே பார்த்து அனுப்புகிறேன். ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். அந்த ஆறு வீட்டுக்கும் ஜமீலாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய்வந்தோம். ஐந்து வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். ஆறாவது வீடு, தபோடியில் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர். இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றதும் கதவைப் பாதி சாத்தினார், நான் யார் என்று இரண்டு தடவை கேட்டார், ஸ்கூட்டர் நம்பரைக் குறித்துக்கொண்டார், கடைசி வரை பெட்டியைத் திறக்க விடவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டேன். எதற்கு என்று கேட்டார்.