காவிரிக்கரைச் சிறுத்தை

குழந்தைவேல் வெந்நீரை ஊற்றியதுதான் தாமதம், சிறுத்தை கண்ணாடியை விட்டு வழுக்கிக் கிண்ணத்தில் கரைந்துபோயிற்று. மிஞ்சியது வால் மட்டும்.

பஞ்சடைத்த விலங்குகளை வைத்திருந்த சேலத்துக் காட்சிசாலையில் பழைய படங்களையும் காகிதங்களையும் காக்கிற வேலை அவனுக்கு. ஆயுத பூஜையன்று அலமாரி, கத்தரிக்கோல், மைக்கூடு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவன், பக்தி முற்றிப்போய், காட்சிசாலையின் பெருமையான அந்தக் கண்ணாடிப் படத்துக்கும் வைத்துவிட்டான். சிறுத்தையின் நெற்றி பார்த்துத்தான் வைத்தான், அதில் குறை சொல்ல முடியாது. பிறகு பயம் வந்து நகத்தால் சுரண்டினான். சந்தனத்தோடு நெற்றியும் வந்தது. ஒட்டியிருந்த மிச்சத்தைப் போக்கத்தான் இந்த வெந்நீர்.

காட்சிசாலையை நிறுவிய ஹார்வுட் துரை, ஜேடர்பாளையத்துக் காவிரிக்கரையில் உயிரோடு நின்ற சிறுத்தையை எடுத்த படம் அது. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அந்தப் படத்தைப் பார்க்கவென்றே அடுத்த வாரம் மதராஸிலிருந்து இன்னொரு துரை வருகிறார். படம் இல்லையென்றால் வேலை போகும். வேலை போனால் மயிலம்மாளின் அப்பா பேசி முடித்த கல்யாணத்தை முறித்துவிடுவார். மயிலம்மாளை நினைத்ததும் குழந்தைவேலுக்கு அழுகையே வந்துவிட்டது.

சூரமங்கலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த செல்லமுத்துவிடம் ஓடினான்.

"அண்ணே, ஒரு சிறுத்தையைப் படம் புடிக்கோணும்."

"அது ஸ்டூடியோவுக்கு வருமா?"

"நாமதான் கூட்டிக்கிட்டுப் போகோணும்."

காட்சிசாலை மூலையில் பஞ்சடைத்த சிறுத்தை ஒன்று நின்றது. அதைக் கோணியில் கட்டிப் பஸ் மேல் ஏற்றினார்கள். என்ன மூட்டை என்று கேட்ட கண்டக்டரிடம், "மொளகாய்" என்றான் குழந்தைவேல். வழியில் கோணி கிழிந்து ஒரு கால் ஜன்னலோரம் தொங்கியது. மிளகாயின் நகத்தைப் பார்த்தவர்கள் பரமத்தி வரும்முன்பே இறங்கி ஓடிவிட்டார்கள்.

ஜேடர்பாளையத்தில் பரிசல்காரர் ஆண்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டார். படத்தில் இருந்த பாறை எது என்று குழந்தைவேல் தேடத் தொடங்குமுன் அவர் பாட்டுக்கு நடந்து, அதே பாறையில் சிறுத்தையை நிறுத்தினார். செல்லமுத்து கருப்புத் துணிக்குள் தலையை விட்ட நேரம், ஊர் நாயொன்று பாய்ந்து சிறுத்தையின் காதைக் கவ்விக்கொண்டு ஓடியது. துரத்திப் பிடுங்கி வந்தார்கள்.

"விசனப்படாதீங்க சாமி" என்ற ஆண்டி, தன் தூக்குப்போசியில் இருந்த கம்பங்களியை எடுத்துக் காதை ஒட்டினார்.

செல்லமுத்துவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "கண்ணாலத்துக்குப் படம் எடுக்க வர்றவங்ககூட இப்படி ஆடாம நின்னதில்லப்பா."

கிளம்பும்போது குழந்தைவேல் ஆண்டியின் கையைப் பிடித்துக்கொண்டான். "இன்னைக்கு நடந்ததை யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

"இன்னைக்கு நடந்ததைத்தானுங்களே? சொல்ல மாட்டனுங்க."

புதுக் கண்ணாடிப் படத்தைப் பழையதன் இடத்தில் வைத்து, காது சரியாகக் காயாத சிறுத்தையை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தாயிற்று. மதராஸ் துரை வந்தார். வந்தவர் பையிலிருந்து ஹார்வுட் துரை எடுத்த படத்தின் காகிதப் பிரதியை எடுத்து மேஜையில் போட்டார். துரை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார்.

ஒரு புள்ளிகூட மாறவில்லை. இது எப்படி என்று அவனுக்கே புரியவில்லை. நெற்றியில் சந்தனம் வைத்த பலன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அதோடு விட்டாரா துரை? சிறுத்தை நின்ற இடத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்று அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜேடர்பாளையம் போனார். கரையில் ஆண்டி பரிசலைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். துரைக்குத் தமிழ் தெரியாது. ஹார்வுட் துரை படம் எடுத்ததை இவர் பார்த்தாரா என்று கேட்கச் சொன்னார். குழந்தைவேல் ஆண்டிக்குக் கண்ணைக் காட்டினான், தலையை ஆட்டினான், வேறு வழியில்லாமல் கேட்டான்.

"பாக்காம என்னுங்க?" என்றார் ஆண்டி. "அன்னைக்கும் உங்க காட்சிசாலைச் சிறுத்தையை இதே மாதிரி கோணியில கட்டிச் சொமந்தாந்தது நான்தானுங்க. அப்பக் காதுக்குக் களி மட்டும் தேவைப்படலீங்க."