கேசட் போட்ட காரெல்லாம் பழைய காராம்!

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். உங்கள் தங்கை என்னைவிட நலம். அந்த நலத்தைப் பற்றி முறையிடத்தான் இந்தக் கடிதம்.

அடுத்த வாரம் நம் பழைய கார் பந்தயக் கிளப்பின் பொதுக்கூட்டம். தலைவர் என்ற முறையில் நீங்கள் ஊரிலிருந்து வந்து நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். ஓட்டு சரிபாதியாகப் பிரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கடைசிக் கை உங்களுடையது. கேசட் காலத்துக் கார்களையும் சேர்க்கலாம் என்று போன வருஷம் புகுத்திய புதிய விதியை ரத்து செய்து, அந்தப் புதுத் தலைமுறைக் கார்களை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தாழ்மை இந்தப் பாராவோடு முடிகிறது.

ஏன் மச்சான், பழைய கார் என்றால் அதற்கு ஒரு மானம் வேண்டாமா? என் மகாராணியைப் பாருங்கள். முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றினால்தான் உயிர் வரும். பிரேக் போட முந்தின தெருவிலேயே முடிவெடுக்க வேண்டும். அதுவல்லவா வண்டி! இப்போது வந்து நிற்பதெல்லாம் என்ன? நாம் கல்யாணமாகி மாமனார் வீட்டுக்குப் போகும்போது ரோட்டில் புத்தம் புதிதாக ஓடிக்கொண்டிருந்த சதுரப் பெட்டிகள். உள்ளே கேசட் போட்டுப் பாட்டுக் கேட்கலாம். பட்டனைத் தொட்டால் கண்ணாடி இறங்குகிறது. இதெல்லாம் பழங்காலத்துக் கார் என்றால் நீங்களும் நானும் யார்? அருங்காட்சியகத்தில் படுக்க வேண்டியவர்களா?

இந்தப் பெட்டிகளுக்கெல்லாம் தலைமைப் பெட்டியைக் கொண்டுவந்தவர் பல் டாக்டர். ஆள் சின்னவர், நல்ல உயரம், தலையில் முடியும் இருக்கிறது. அவர் வந்த அன்றைக்கே மைதானத்தில் இருந்த கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. "ஐயோ, எங்கப்பா இதுலதான் என்னை ஸ்கூல்ல விடுவாரு!" என்று ஒரு அம்மாள் பானட்டைத் தடவிக் கண் கலங்குகிறாள். என் மகாராணியிடம் வந்தவர் ஒரே ஒருவர். அவரும் "சார், இது ஓடுமா, இல்ல சும்மா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு வயிறு எரிந்தது மச்சான். மறைக்க மாட்டேன், இப்போதும் எரிகிறது.

கூட்டம் போனால் போகட்டும். வண்டிக்கு ஒருவர் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும் என்பது நம் கிளப் வழக்கம். மகாராணியில் அந்த சீட்டு உங்கள் தங்கையுடையது. திரும்பும் விளக்கு இல்லாத வண்டி என்பதால் மழையோ வெயிலோ கையை வெளியே நீட்டி சைகை காட்டியது அவள். மேடு வந்தால் இறங்கித் தள்ளியதும் அவள். "இடது பக்கம் பள்ளம், பார்த்து, பார்த்து! ஏங்க, பார்க்கவே மாட்டீங்களா?" என்று அவள் காதோரம் கத்துவதில்தான் எனக்கு வண்டி ஓட்டவே வரும்.

வினை எப்படி ஆரம்பித்தது என்றால், கோடைப் பந்தயத்தில் கடைசி வளைவுக்கு முன்னால் மகாராணி கொதித்துப் புகை விட்டாள். வழியில் நின்ற வண்டிக்குப் பின்னால் வருகிறவர் நிறுத்தி உதவ வேண்டும் என்பது நீங்களே போட்ட விதி. பின்னால் வந்தது பல் டாக்டர். "தண்ணி எடுத்துட்டு வரலாம், ஏறுங்கக்கா" என்றார். உங்கள் தங்கை ஏறினாள். குடத்தோடு திரும்பி வந்தபோது அவள் முகமே வேறு மாதிரி இருந்தது. "ஏங்க, அந்த ஸ்டீரிங்கை ஒரு விரலால திருப்பலாங்க!" என்கிறாள். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் பாதியை என் காலில் ஊற்றினாள்.

அதற்கடுத்த பந்தயத்துக்கு முந்தின நாள், சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே, "நாளைக்கு நான் டாக்டரோட வண்டில போறேன். அவருக்கு ஆள் இல்லையாம்" என்றாள். வீம்புக்கு "தாராளமா போ" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் இன்னொரு தரம் கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவே இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்காரக் கிடைத்தவர் மருந்துக் கடைக்காரர். கொடி அசைத்ததும் தூங்கிவிட்டார்.

பாட்டு இருப்பதால்தானே அந்த வண்டி பிடித்தது என்று நானும் என் பெட்டி ரேடியோவை டாஷ்போர்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். முதல் வளைவிலேயே அது அறுந்து என் காலடியில் விழுந்து பிரேக்குக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு விவசாயச் செய்தி வாசித்தது. நான் மிதிக்க மிதிக்க அது சத்தமாக வாசிக்கிறது. அந்த நேரம் பார்த்து டாக்டரின் சதுரப் பெட்டி உள்பக்கமாக நுழைந்தது மச்சான். நூலிழை இடைவெளி! ஒரு படித்த மனுஷன் ஓட்டுகிற ஓட்டா அது? ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை என்றாலும் ஓட்டுகிறவரின் திமிர் தெரிந்தது. ஹாரனை இரண்டு தட்டுத் தட்டி, எனக்குக் கையாட்டிவிட்டுப் பறந்தது. நான் நேராக டயர் குவியலுக்குள் போய்ச் சேர்ந்தேன். மருந்துக் கடைக்காரர் கண் விழித்து, "வந்துட்டோமா?" என்றார்.

டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். பெட்டிதான் முதல். ஜெயித்த பல் டாக்டர் யாரிடமாவது ஒரு வார்த்தை பேசினாரா? கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று மரத்தடிக்குப் போய்விட்டார். அவ்வளவு தலைக்கனம். கோப்பையைக்கூட உங்கள் தங்கை கையில் கொடுக்கச் சொல்லிவிட்டார். அடுத்தவன் மனைவிக்குக் கோப்பை கொடுப்பது என்ன பழக்கம்? போன மாதப் பந்தயத்திலும் இதே கதை, இதே கைக்குட்டை, இதே கோப்பை. இரண்டும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. காலையில் பல் தேய்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

வீட்டில் அவள் பாத்திரம் துலக்கும்போது பாட்டு முணுமுணுக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத பாட்டு. "அந்த வண்டில அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். "உங்களுக்குச் சொன்னா புரியாது" என்றாள். இதற்கு மேல் ஒரு கணவன் என்ன கேட்பது? மகாராணிக்கும் மனசு விட்டுவிட்டது. காலையில் கைப்பிடியைச் சுற்றினால் இருமுகிறாளே தவிர எழுந்திருக்கவில்லை. உங்கள் தங்கை என் பக்கத்தில் இல்லாமல் எனக்கு ஓட்ட முடியவில்லை மச்சான். சுற்றி வளைப்பானேன், விஷயம் அவ்வளவுதான். புதுக் கார்களைத் துரத்துங்கள். அவள் தன் சீட்டுக்குத் திரும்பி வரட்டும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லுங்கள். உங்கள் வண்டிகள் எல்லாம் ஒரே சுற்றில் உயிர் பெறட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: மேலே எழுதியதைப் படித்திருந்தால் மறந்துவிடவும். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கை வாங்கிப் படித்துவிட்டாள். படித்து, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "டாக்டருக்கு வேகம்னாலே குமட்டலுங்க. அவங்கப்பா விட்டுட்டுப் போன காரு, விக்க மனசில்ல, ஓட்ட தைரியமில்ல. ரெண்டு ரேஸும் நான்தான் ஓட்டினேன்" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா, நீங்க விட்டுக்குடுத்துதான் நான் ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. எனக்கு நெஜமா ஜெயிக்கணும்னு ஆசையா இருந்துச்சு" என்றாள். உண்மைதான். அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவளுக்கு ஓட்ட அனுமதி கொடுத்ததே நீங்கள்தானாமே? நல்ல மச்சான்!

ஆகவே புதுக் கார்கள் இருக்கட்டும், கையைத் தூக்கி ஆதரியுங்கள். அடுத்த பந்தயத்தில் அவள் பக்கத்து சீட்டில் நான் உட்காருகிறேன், கேட்டு வாங்கிவிட்டேன். ஆனால் பல் டாக்டர் தானும் பின் சீட்டில் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். கூட்டத்தில் தயவுசெய்து புதிதாக ஒரு விதி போடவும்: வண்டியில் இருவருக்கு மேல் ஏறக் கூடாது.