அடர்த்தி என் டிபார்ட்மெண்டு

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் டிகிரிக்காரரை விடப் பெரிய அசடரை நான் பார்த்ததில்லை. நீங்கள் யாராவது பார்த்திருந்தால் எழுதிப் போடுங்கள், பஸ் பிடித்து நேரில் வந்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எட்டாவதைத் தாண்டாதவருக்கு அந்தப் பெயர் வந்தது உப்பளத்தில். பாத்தியில் விட உப்புத் தண்ணீர் பதமாகிவிட்டதா என்று கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பதுதான் அவர் வேலை. இருபத்தைந்து வந்தால் உப்பு இறங்கும். அதோடு விட்டிருந்தால் மனிதர். குழாயைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஊரில் உள்ள திரவத்தையெல்லாம் அளந்தார். டீக்கடையில் விட்டுப் பார்த்து, "அஞ்சு டிகிரி கூட இல்லியேப்பா, இதுக்குப் பேரு டீயா?" என்பார். பெருமுக்கல்லில் ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தில் விட்டார். பெண்ணின் சித்தப்பா கரண்டியோடு ரோடு வரைக்கும் துரத்தினார்.

நான் அப்போது உப்பளக் கொட்டகையில் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா அங்கேயே உப்புக் கூடை சுமந்தவள். ஒருநாள் வரப்பில் வழுக்கிக் கையை ஊன்றினாள், மணிக்கட்டு உடைந்தது. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது, இன்னொரு முறை விழுந்தால் இடுப்பே போய்விடும் என்றார். வாரம் ஒரு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு போட வேண்டும், அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. அம்மா மாத்திரையைப் போட்டாள், உடனே படுத்தாள். நெஞ்சு எரிந்தது. இரண்டாவது வாரத்தோடு நிறுத்திவிட்டாள்.

விஷயம் தெரிந்து வந்தார் நம் ஆள்.

"என்னா கொறஞ்சிருக்குதாம்க்கா?"

"எலும்புல அடர்த்தியாம்."

"அட, அடர்த்தி தானே? அது என் டிபார்ட்மெண்டு!"

வேலியெல்லாம் தேடிப் பிரண்டை பறித்து வந்தார். கை அரிக்க அரிக்க இடித்துச் சாறு பிழிந்தார். குழாயை மிதக்கவிட்டார். மூன்று டிகிரி.

"இது வெறும் தண்ணி. இருபத்தஞ்சு வந்தா தான் மருந்து," என்று தீர்ப்புச் சொன்னார்.

தூக்கிக்கொண்டு எங்கோ போனார். நாலு நாள் கழித்துப் பழைய கலர் பாட்டிலில் கறுப்பாக ஒன்று வந்தது. அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

"கருவாட்டக் கழுவுன தண்ணியாட்டம் இருக்குதுடா!"

"கசப்பு இருந்தா தான்க்கா எலும்பு பிடிக்கும்."

நான் கத்தினேன். அம்மா என்னை விட அவரை நம்பினாள். ஒரே மாதத்தில் அவள் கால் வீங்கியது, முகம் உப்பியது, பிரஷர் ஏறியது. பயந்து போய் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். டிகிரிக்காரரும் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி கூடவே வந்தார்.

டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்தார். "பிரண்டையா? இதுல ஆராய்ச்சி நடக்குது. எலிங்களுக்குக் குடுத்துப் பார்த்ததுல நல்லதா தெரியுதுன்னு சொல்றாங்க. மனுஷங்களுக்கு எவ்ளோ, எப்படின்னு இன்னும் முடிவா தெரியல."

டிகிரிக்காரர் என்னை ஜெயித்த பார்வை பார்த்தார்.

"இதுல வேற என்ன கலந்தீங்க?"

"ஒண்ணும் கலக்கலீங்க. பாத்தி கட்டிக் காய வெச்சேன்."

"எந்தப் பாத்தியில?"

"நம்ம உப்புப் பாத்தியில தாங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "இவங்களுக்கு நீங்க குடுத்தது உப்பு. உப்பு ஜாஸ்தியானா எலும்புல இருக்கிற கால்சியமும் மூத்திரத்துல போயிடும், தெரியுமா?"

திரும்பும் பஸ்ஸில் மரக்காணம் வரும்வரை திட்டினேன். முன் சீட்டுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். அவர் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்: "காய வெச்சா எல்லாமே கெட்டியாவும்னு நெனச்சிட்டேம்மா." எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றார். கையில் பிளாஸ்டிக் நாற்காலி.

"அக்கா, மாத்திர போடுங்க."

அம்மா பாதியில் நிறுத்தியிருந்த வார மாத்திரையைப் போடவைத்தார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் அம்மாவைப் படுக்கவும் விடவில்லை, டீ குடிக்கவும் விடவில்லை. அம்மா கொட்டாவி விட்டால், "இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்குது" என்பார். மழை பெய்த ஞாயிறும் வந்தார், பொங்கலன்றைக்கு ஞாயிறு வந்தபோதும் வந்தார். இரண்டு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில், தேய்மானம் நின்றிருக்கிறது என்றார் டாக்டரம்மா. உடனே இந்த மனிதர், "அக்கா எலும்ப நான் தான் தேத்துனேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெட்கம் என்பது கிடையவே கிடையாது.

போன ஞாயிறு இடையஞ்சாவடியில் மகள் வீட்டில் இருந்தார். ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"அக்கா படுத்துட்டாங்களா?"

"இல்ல மாமா, உக்காந்து தான் இருக்காங்க."

"வெச்சுடாத. அரை மணி ஆவட்டும்."

போனை அம்மா பக்கத்தில் வைத்தேன். அதிலிருந்து அவர் பேசிக்கொண்டே இருந்தார், அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்ததும் எடுத்து, "சீக்கிரம் வந்துடுங்க மாமா, நீங்க இல்லாம வீடு நல்லாவே இல்ல" என்றேன். இத்தனை வருடத்தில் திட்டு கலக்காமல் அவரிடம் நான் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.