பெரியப்பா ரிவர்ஸ் எடுக்கிறார்

மதிப்பிற்குரிய பெரியம்மாவுக்கு,

வணக்கம். அங்கே அக்காவும் கைக்குழந்தையும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், பெரியப்பா நலம், அவர் இடித்த சுவரும் ஏறக்குறைய நலம்.

அக்காவின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது, "அவர் தன் கதையைச் சொல்லச் சொல்ல நீ எழுது, ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும்" என்றீர்கள். மூன்று மாதம் ஆகிறது, மற்ற அத்தியாயமெல்லாம் எழுதி முடித்தும் நான் இன்னும் முதல் வரியிலேயே நிற்கிறேன். "எங்கள் தொழிற்சாலையின் முதல் காரை நானே ஓட்டிக்கொண்டு வெளியே வந்தேன்." இதுதான் அந்த வரி. ஊரறிந்த கார் கம்பெனியை முப்பது வருடம் நடத்தியவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை நாம் வீட்டோடு வைத்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சிரிக்க, புகைப்படத்தில் விழாதபடி குனிந்து ஆறு தொழிலாளிகள் பின்னாலிருந்து தள்ளினார்கள் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். பதிப்பகத்தில் சேர்ந்து நான் கைவைக்கும் முதல் புத்தகம் இது. பொய்யில் தொடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மனுஷர் என்ன செய்திருக்க வேண்டும்? வரியை அடித்திருக்க வேண்டும். "சரி, அப்ப அதை உண்மையாக்கிடலாம்" என்று அறுபத்தெட்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார்!

முதல் நாள் பழக்கதோஷத்தில் என்னோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிரைவர் வருவார் என்று இவரும், பெரியவர் இறங்கி முன்னால் வருவார் என்று வாத்தியாரும் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். "இதுக்கு முன்னாடி என்ன வேலைங்க?" என்று கேட்டார் வாத்தியார். "கார் விக்கிறதுதான்." "ஓ, புரோக்கரா?" பெரியப்பா பாட்டுக்கு இறங்கி முன் சீட்டுக்குப் போனார். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

அதோடு போயிற்றா? ஸ்கூல் வண்டி அவர் கம்பெனி வண்டிதான். பக்கக் கண்ணாடியை இரண்டு விரற்கடை சின்னதாக்கிச் செலவைக் குறைத்து இயக்குநர்களிடம் கைதட்டல் வாங்கினேன் என்று ஏழாம் அத்தியாயத்தில் மார்தட்டுகிறாரே, அதே வண்டி. ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் ஒன்றும் தெரிவதில்லை. பக்கத்து வீட்டுச் சுவர், நான்கு பூந்தொட்டி, லைசென்ஸ் மைதானத்தில் மூன்று டெஸ்டுக்கு மூன்று கம்பம். ஒவ்வொரு தடவையும் இறங்கி, "பின்பக்கத்துக்கு யாருய்யா பொறுப்பு?" என்று கேட்கிறார். கம்பெனிக் கூட்டத்தில் கேட்டால் யாராவது எழுந்து நிற்பார்கள். விழுந்த கம்பம் எழுந்து நிற்குமா? "சார், இந்தக் கண்ணாடியை வச்சவனைப் பிடிச்சு இதே வண்டியில ரிவர்ஸ் எடுக்க விடணும்" என்றார் வாத்தியார். "விட்டாச்சுப்பா" என்று முனகினார் பெரியப்பா.

இடிப்பது அவர்; பக்கத்து வீட்டு அம்மாவிடம் தலையைக் குனிந்து நிற்பது நான். வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போயாக வேண்டும். "பெரியப்பா, அந்த ஒரு வரியை எடுத்துட்டா குடி முழுகிப் போயிடுமா?" என்று இன்றைக்கும் கேட்டேன். "நாளைக்கு நாலாவது டெஸ்ட். அதுவரைக்கும் நீ பேனாவைத் தொடாதே" என்கிறார். இதற்கு மேல் என்னால் ஆகாது பெரியம்மா. நீங்கள் உடனே கிளம்பி வாருங்கள். வராவிட்டால் எழுதிய காகிதக் கட்டை அவர் மேசையில் வைத்துவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு, என் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன்.

அக்காவுக்கு அன்பும் குழந்தைக்கு முத்தமும். உங்கள் ஆசியை வேண்டி,

உங்கள் கணவரிடம் சிக்கிக்கொண்ட
மகள்

பி.கு. (மறுநாள்): இதை உங்களிடம் கொடுக்கப்போவது தபால்காரர் இல்லை, நான்தான். இன்று காலை பெரியப்பா தேறிவிட்டார். கண்ணாடியை நம்பாமல் கழுத்தைத் திருப்பிப் பார்த்து எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அந்த வரியைத் தன் கையாலேயே அடித்தார். "இப்பதான் ஓட்டத் தெரியுமே, இனிமே பொய் எதுக்கு?" அந்த இடத்தில், தள்ளிய ஆறு பேரின் பெயர்களையும் ஒன்று விடாமல் சொல்லி எழுதச் சொன்னார். நான் வேலையை விடவில்லை, நீங்களும் கிளம்ப வேண்டாம். ஓய்வு பெற்றபோது கம்பெனி கொடுத்த, அதே மாடல் காரில் நாளை நாங்களே வருகிறோம். ரிவர்ஸ் எடுத்துத்தான் உள்ளே வருவேன் என்று அடம்பிடிக்கிறார். தெருமுனையில் இறங்கி முன்னால் ஓடிவந்து இதைத் தருவேன். படித்ததும் கேட்டின் இரண்டு கதவையும் திறந்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மாடிக்குப் போய்விடுங்கள். கண்ணாடி இன்னும் அதே கண்ணாடிதான்.